ஹை கம்ப்ரஷன் டிரக் இன்ஜின்: 91 போதுமா, 95ஆ, 98ஆ?

பழையவி8

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய பெட்ரோல் டிரக். செவ்ரோலே 350 ஸ்மால் பிளாக், அதாவது 5.7 லிட்டர் வி8. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் அதை மேலே மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், நாலு கியர் மேனுவல். நாக் சென்சார் (கலவை தானாக வெடிப்பதை உணரும் கருவி), கணினி எதுவும் கிடையாது. சமீபத்தில் இன்ஜினை முழுதாகப் பிரித்து ரீபோர் செய்து (சிலிண்டர் துளையைப் பெரிதாக்கி), ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாயிற்று. ஹெட்டையும் சீவியிருக்கிறார்கள். "கம்ப்ரஷன் 10.6 வந்திருக்கு, இனிமே நல்ல பெட்ரோலா ஊத்துங்க" என்று பட்டறையில் சொன்னார்கள். முன்பு 8.5 தான். அப்போது 91 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றி ஓட்டினேன், ஒரு தொந்தரவும் இல்லை.

இப்போது வண்டி காலியாக ஓடும்போது 91லேயே சத்தமில்லை. டிரெய்லர் மாட்டி மேடு ஏறினால், மூன்றாவது நாலாவது கியரில், தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போல ஒரு சத்தம். 95 ஊற்றினால் குறைகிறது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. 10.6 கம்ப்ரஷனுக்கு எத்தனை ஆக்டேன் என்று அட்டவணை ஏதாவது இருக்கிறதா? ஒருவர் 10 தாண்டினாலே ரேஸ் பெட்ரோல்தான் என்கிறார். இன்னொருவர் 12க்கே சாதா பெட்ரோல் போதும் என்கிறார்.

98மட்டும்

98 ஊற்றுங்கள். இன்ஜினுக்குச் செலவழித்துவிட்டுப் பெட்ரோலில் போய் மிச்சம் பிடிக்காதீர்கள்.

டீசல்மனம்

டிரக்குக்கு ஆக்டேனா? அங்கேயே தப்பு ஆரம்பிக்கிறது. டீசல் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. :)

ஸ்பேனர்செட்

டீசல்மனம், உங்களுக்கு சீட்டேன் எண் பார்க்க வேண்டியிருக்குமே, அது மறந்துவிட்டதா? அது எளிதில் பற்றிக்கொள்வதற்கான அளவு, ஆக்டேன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருப்பதற்கான அளவு. எதிரெதிர்க் குணம். அதனால்தான் பெட்ரோல் வண்டியில் கொஞ்சம் டீசல் கலந்தாலே நாக் அடிக்கும்.

பழையவி8 தம்பி, நீங்கள் கேட்கும் அட்டவணை நிறையக் கிடைக்கும். ஒன்றையும் நம்பாதீர்கள். கம்ப்ரஷன் ரேஷியோ என்பது பிஸ்டன் கீழே நிற்கும்போதும் மேலே நிற்கும்போதும் சிலிண்டரில் உள்ள இரண்டு கன அளவுகளின் விகிதம், அவ்வளவுதான். பெட்ரோலுக்கு அந்த எண் தெரியாது. அதற்குத் தெரிவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது மட்டும்.

ஸ்பார்க் வந்ததும் தீ பிளக்கிலிருந்து கிளம்பிச் சுற்றிலும் பரவுகிறது. இன்னும் எரியாமல் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கலவையை இந்தத் தீ நெருக்கி அமுக்குகிறது. அந்த மிச்சக் கலவை, தீ வந்து சேரும் முன்பே சூடேறித் தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். ஆக, தீ எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது, மிச்சக் கலவை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பந்தயம். ஆக்டேன் கூடினால் தாக்குப்பிடிக்கும் நேரம் கூடும்.

டிரக்குக்கு இந்தப் பந்தயம் எப்போதுமே பாதகமாகத்தான் இருக்கும். மேட்டில் லோடு இழுக்கும்போது ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல் திறந்திருக்கும், ஆனால் இன்ஜின் சுற்றுவது 1,800, 2,000தான். சிலிண்டர் நிறையக் காற்று, மெதுவான சுழற்சி, கொதிக்கும் ஹெட். காரில் அப்படிப்பட்ட நிலை சில விநாடி வந்து போகும். டிரெய்லர் மாட்டிய டிரக்கில் மேடு முடியும் வரை அதே நிலை. அதனால் கார்க்காரர் சொல்லும் ஆக்டேன் கணக்கை அப்படியே எடுக்க முடியாது.

சில விவரங்கள் வேண்டும்:

10.6 யார், எப்படிக் கணக்கிட்டது? சேம்பர் (ஹெட்டில் கலவை எரியும் குழி) எத்தனை சிசி, கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைப்பது) தடிமன் என்ன, மேல் நிலையில் பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது, பிஸ்டன் தலை சமதளமா, வால்வு இடிக்காமலிருக்க அதில் வெட்டு இருக்கிறதா? வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டில் இன்டேக் வால்வு எந்த டிகிரியில் மூடுகிறது? ஸ்பார்க் டைமிங், அதாவது பிஸ்டன் மேல் நிலைக்கு வருவதற்கு எவ்வளவு முன்பு ஸ்பார்க் வருகிறது என்பது, மொத்தம் எத்தனை டிகிரி?

அப்புறம், இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக் எல்லாவற்றையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து, கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள்.

புதுஇன்ஜின்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் டிரக் 2018 ஃபோர்டு எஃப்-150, 5.0 லிட்டர். கம்ப்ரஷன் 12.0. சாதா பெட்ரோலில்தான் ஓடுகிறது, ஒரு சத்தமும் இல்லை. 10.6க்கு ஏன் இவ்வளவு பாடு?

ஸ்பேனர்செட்

நல்ல கேள்வி. "12க்கே சாதா போதும்" என்ற பேச்சு உங்கள் வண்டி மாதிரி வண்டிகளிலிருந்து வந்ததுதான். உங்கள் இன்ஜினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள்ளும் பீய்ச்சப்படுகிறது. உள்ளே ஆவியாகும்போது அது கலவையின் சூட்டை உறிஞ்சிவிடும். ஹெட் அலுமினியம், சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும். வால்வு மூடும் நேரத்தைக் கணினி மாற்றிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் நாக் சென்சார். உங்கள் காதுக்குச் சத்தம் வருவதற்கு முன்பே அது கேட்டு, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திவிடும். ஜிஎம்மின் 5.3 லிட்டர் நேரடி பீய்ச்சு இன்ஜினும் 11.0 கம்ப்ரஷனில் சாதா பெட்ரோல் குடிக்கும். அதே குடும்பத்து 6.2 லிட்டருக்கு 11.5, அதற்குப் பிரீமியம் பரிந்துரை. பாருங்கள், ஒரே தயாரிப்பாளர், அரைப் புள்ளி வித்தியாசம், வேறு பெட்ரோல்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சத்தம் இல்லை என்பதால் நாக் இல்லை என்று அர்த்தமில்லை. கணினி டைமிங்கைக் குறைத்துச் சமாளிக்கிறது, பதிலுக்கு இழுவை கொஞ்சம் போகும், எக்ஸாஸ்ட் சூடு கூடும். டிரெய்லர் இழுக்கும்போது உயர்ந்த ஆக்டேன் ஊற்றச் சொல்லிச் சில கையேடுகளில் போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். பழையவி8 வண்டியில் குறைத்துச் சமாளிக்க ஆள் இல்லை. நாக் வந்தால் பிஸ்டன்தான் வாங்கிக்கொள்ளும்.

நீலச்சுடர்

எண்ணைப் பற்றிப் பேசும்போது எந்த அளவுகோல் என்று சொல்லாமல் பேசினால் குழப்பம் தீராது. புதுஇன்ஜின் சொல்லும் "சாதா" அவர் கையேட்டில் 87 என்று இருக்கும். பழையவி8 சொல்லும் 91ம் அந்த 87ம் கிட்டத்தட்ட ஒரே பெட்ரோல்தான்.

ஆக்டேனை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே வகை இன்ஜின்: ஒற்றைச் சிலிண்டர், ஓடும்போதே கம்ப்ரஷனை ஏற்றி இறக்கலாம். ஐசோ-ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, சோதிக்கும் பெட்ரோல் இந்த இரண்டின் எந்தக் கலவைக்குச் சமமாக நாக் அடிக்கிறது என்று பார்ப்பார்கள். ரிசர்ச் முறையில் இன்ஜின் 600 ஆர்பிஎம்மில் ஓடும், உள்ளே போகும் காற்று 52 டிகிரி. மோட்டார் முறையில் 900 ஆர்பிஎம், கலவையையே 149 டிகிரி வரை சூடாக்குவார்கள். இரண்டாவது கடுமையான சோதனை. அதனால் அதே பெட்ரோலுக்கு மோட்டார் எண் 8 முதல் 10 வரை குறைவாக வரும்.

உலகின் பெரும்பாலான நாடுகளில் பங்க்கில் எழுதியிருப்பது ரிசர்ச் எண், அதாவது ஆர்ஓஎன். அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டின் சராசரி, அதாவது ஏகேஐ. தோராயமாக 91 ஆர்ஓஎன் = 87 ஏகேஐ, 95 = 90 அல்லது 91, 98 = 93. அமெரிக்க இன்ஜினுக்கு அமெரிக்கர் எழுதிய அறிவுரையில் "91 போதும்" என்று இருந்தால், உங்கள் பங்க்கில் அது 95க்கு மேல். இந்த ஒரு தடுமாற்றத்தால் பிஸ்டன் உடைத்தவர்கள் இருப்பார்கள்.

பழையவி8 மாதிரி வார்ப்பிரும்பு ஹெட், சூடான கலவை, நீண்ட லோடு என்றால் உண்மையில் காப்பாற்றுவது மோட்டார் எண்தான். பங்க் பலகையில் அது இருக்காது. ஐரோப்பியத் தரப்படி 95 பெட்ரோலுக்கு மோட்டார் எண் குறைந்தது 85 இருக்க வேண்டும், 98க்கு வழக்கமாக 88. புதிய நேரடி பீய்ச்சு இன்ஜின்களுக்கு நிலைமை தலைகீழ், அங்கே ஆர்ஓஎன்தான் பேசும்.

98மட்டும்

இவ்வளவு பேசி என்ன, 98 ஊற்றினால் இழுவையும் கூடும், இன்ஜினும் சுத்தமாக இருக்கும். நான் எல்லா வண்டிக்கும் அதுதான்.

நீலச்சுடர்

இழுவை கூடாது. ஆக்டேன் என்பது பெட்ரோலில் உள்ள ஆற்றலின் அளவு இல்லை. 91ல் நாக் அடிக்காத இன்ஜினில் 98 ஊற்றினால் எதுவும் மாறாது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி டைமிங்கையோ கம்ப்ரஷனையோ ஏற்றினால்தான் பலன். கார்பன் கழுவும் சேர்மானம் வேறு சமாசாரம். சில நிறுவனங்கள் அதை விலை கூடிய பெட்ரோலில் அதிகமாகச் சேர்க்கின்றன என்பது உண்மை, ஆனால் அதற்கும் ஆக்டேனுக்கும் சம்பந்தமில்லை.

கியர்லீவர்

நான் மெக்கானிக் இல்லை, ஓட்டுபவன். நாலாவது கியரில் மேட்டில் திணற விடுவது எதற்கு? ஒரு கியர் இறக்கி 2,800ல் ஏறுங்கள். பாதிச் சத்தம் அங்கேயே போய்விடும்.

ஸ்பேனர்செட்

நூற்றுக்கு நூறு. சுழற்சி கூடினால் மிச்சக் கலவைக்கு வெடிக்க நேரம் குறைவு, உள்ளே கலவை சுழலும் வேகமும் கூடுவதால் தீயும் சீக்கிரம் பரவும். அதே இழுவைக்கு ஆக்சிலரேட்டரும் குறைவாகத்தான் திறக்கும். செலவே இல்லாத ஆக்டேன்.

பழையவி8

எல்லோருக்கும் நன்றி. ஸ்பேனர்செட் அண்ணே, கேட்டதெல்லாம் பட்டறைச் சீட்டிலிருந்தும் கேம் அட்டையிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

போர் 102.36 மி.மீ., ஸ்ட்ரோக் 88.4 மி.மீ. சீவிய பிறகு சேம்பர் 62 சிசி. கேஸ்கெட் 1.04 மி.மீ., அதன் துளை 105.8 மி.மீ. பிஸ்டன் மேல் நிலையில் 0.6 மி.மீ. கீழே. பிஸ்டன் சமதளம், நாலு வால்வு வெட்டு, பெட்டியில் 5 சிசி என்று போட்டிருக்கிறது. இன்டேக் வால்வு கீழ் நிலை தாண்டி 60 டிகிரியில் மூடுகிறது. கனெக்டிங் ராடு 144.8 மி.மீ. டைமிங் ஐடிலில் 12, மொத்தம் 36, வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க்கை இன்னும் முன்கூட்டுவது) தனி. கம்ப்ரஷன் கேஜில் எட்டு சிலிண்டரும் 180க்கும் 185 பிஎஸ்ஐக்கும் நடுவில்.

ஸ்பேனர்செட்

அருமை, இப்போது பேசலாம்.

ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 727 சிசி. மேலே மிஞ்சும் இடம்: சேம்பர் 62, கேஸ்கெட் 9, பிஸ்டன் கீழே நிற்கும் இடம் 5. மொத்தம் 76. 727ஐயும் 76ஐயும் கூட்டி 76ஆல் வகுத்தால் 10.6. பட்டறைக் கணக்கு இங்கே நின்றிருக்கிறது. வால்வு வெட்டுகளின் 5 சிசியைச் சேர்த்தால் 81. அப்போது 9.98. உங்கள் இன்ஜின் 10.6 இல்லை, 10.0. இதற்காகப் பட்டறையோடு சண்டைக்குப் போக வேண்டாம், உங்களுக்கு இது நல்லதுதான். ஆனால் அட்டவணையைப் பார்த்துப் பெட்ரோல் தேர்ந்தெடுத்திருந்தால் ஆரம்ப எண்ணே வேறாக இருந்திருக்கும்.

அடுத்தது, உண்மையில் அமுக்கப்படும் அளவு. இன்டேக் வால்வு மூடும் வரை பிஸ்டன் மேலே வந்தாலும் அமுக்கம் ஆரம்பிக்காது. 60 டிகிரியில் மூடினால், 88.4 மி.மீ. ஸ்ட்ரோக்கில் மிஞ்சுவது சுமார் 71.5 மி.மீ. அந்த அளவை வைத்துக் கணக்கிட்டால் 8.3 வரும். இதைத்தான் டைனமிக் கம்ப்ரஷன் என்கிறோம். 68 டிகிரியில் மூடும் கேம் போட்டிருந்தால் இதே இன்ஜினில் 7.8தான் வரும். ஆக்டேன் தேவை நன்றாகவே இறங்கும், ஆனால் கீழ்ச் சுழற்சி இழுவையும் போய்விடும். டிரக்குக்கு அது வேண்டாத வியாபாரம்.

வார்ப்பிரும்பு ஹெட்டும் கார்புரேட்டரும் உள்ள இன்ஜினில் டைனமிக் 8 தாண்டினாலே கவனம் வேண்டும், 8.5க்கு மேல் பங்க் பெட்ரோலில் லோடு இழுப்பது சிரமம் என்பது எங்கள் பட்டறை வழக்கம். விஞ்ஞானம் இல்லை, அனுபவ விதி. 180 பிஎஸ்ஐயும் அதையே சொல்கிறது. நீங்கள் எல்லைக்கு உள்ளே இருக்கிறீர்கள், ஆனால் எல்லைக்குப் பக்கத்தில். 91 இந்த இன்ஜினுக்கு முடிந்த கதை. 95 காலி வண்டிக்கு. டிரெய்லருக்கு 98.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் ஒரு விஷயம் கண்ணை உறுத்துகிறது. பிஸ்டன் 0.6 கீழே, கேஸ்கெட் 1.04. ஆக ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி 1.64 மி.மீ. அது மிக அதிகம். அந்த இடம் 1 மி.மீ. அளவில் நெருக்கமாக இருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்துக் கலவையை நடுவுக்குப் பிதுக்கித் தள்ளும். கலவை சுழன்று வேகமாக எரியும், ஓரத்தில் நாக் அடிக்கக் கலவையே மிஞ்சாது. 1.6 இருந்தால் பிதுக்கவும் செய்யாது, நாக் அடிக்க ஓரத்தில் வசதியாக இடமும் கொடுக்கும்.

பழையவி8

அப்படியானால் மெல்லிய கேஸ்கெட் போட்டால் கம்ப்ரஷன் இன்னும் ஏறுமே அண்ணே?

ஸ்பேனர்செட்

ஏறும். 0.38 மி.மீ. இரும்புத் தகடு கேஸ்கெட் போட்டால் கம்ப்ரஷன் சுமார் 10.7 ஆகும் (பட்டறைக்காரர் சொன்ன எண் கடைசியில் கிட்டத்தட்ட உண்மையாகிவிடும்), டைனமிக் 8.8. இடைவெளி 0.98. இதே பாணியில் கட்டிய இன்ஜின்களில் கம்ப்ரஷன் ஏறியும் நாக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 8.8 என்பது என் கைக்கு டிரக்கில் அதிகம். இடைவெளியைக் குறைத்து, கூடவே சேம்பரையோ பிஸ்டன் தலையையோ ஆறேழு சிசி பெரிதாக்கி, கம்ப்ரஷனை மறுபடி 10க்குக் கொண்டுவருவதுதான் சரியான வழி. அதற்கு இன்ஜினைத் திறக்க வேண்டும். புதிதாக மூடிய இன்ஜினை இதற்காக இப்போதே திறக்கச் சொல்ல மாட்டேன். அடுத்து ஹெட் இறங்கும்போது செய்யுங்கள்.

டீசல்மனம்

சும்மா கிண்டல் செய்ய வந்தேன். உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

புதுஇன்ஜின்

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் ஊற்றினால் 98 வாங்கும் தேவை இருக்காதே? பாட்டிலில் "30 பாயின்ட் ஏற்றும்" என்று போட்டிருக்கிறது.

நீலச்சுடர்

அந்த வியாபாரத்தில் ஒரு பாயின்ட் என்றால் 0.1. 30 பாயின்ட் என்றால் 95, 98 ஆகும், 125 ஆகாது. அதுவும் நல்ல பாட்டிலாக, சொன்ன அளவு பெட்ரோலில் சரியாகக் கலந்தால். பல பாட்டில்களில் உள்ளே இருப்பது மாங்கனீசுச் சேர்மம் எம்எம்டி. சிலவற்றில் இரும்புச் சேர்மம் ஃபெரோசீன். தொடர்ந்து ஊற்றினால் பிளக்கின் பீங்கானில் செம்மண் நிறத்தில் படிந்து, பிளக் மிஸ்ஃபயர் வரை போகும். 98 கிடைக்காத வழியில் மாட்டிக்கொண்டால் ஒரு பாட்டில், சரி. தினப்படிக்கு வேண்டாம்.

விமான பெட்ரோலைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 100எல்எல் என்பதில் 'எல்எல்' என்றால் ஈயம் குறைவு என்று பெயர், ஆனால் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் உள்ள வண்டிக்கு அது விஷம்.

கியர்லீவர்

ஈயம் என்றதும் ஞாபகம் வந்தது. பழைய இன்ஜினுக்கு ஈயம் கலந்த பெட்ரோல்தான் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்களே?

நீலச்சுடர்

அது இரண்டு வேலை செய்தது. 1921ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி டெட்ராஎதில் ஈயத்தைக் கண்டறிந்தது நாக்கிங்கை அடக்கத்தான். மலிவாக ஆக்டேனை ஏற்றியது. அதன் விஷத்தை உலகம் முழுதும் கைவிட ஒரு நூற்றாண்டு ஆனது. கார்களுக்கு அதை விற்ற கடைசி நாடு அல்ஜீரியா, 2021ல் நிறுத்தியது. இன்றைய பெட்ரோலில் அந்த ஆக்டேன் வேறு வழிகளில் வருகிறது.

இரண்டாவது வேலை, எக்ஸாஸ்ட் வால்வும் அது மூடி உட்காரும் சீட்டும் ஒட்டித் தேயாமல் நடுவே மெல்லிய படலமாக இருந்தது. லோடு இழுக்கும் பழைய இன்ஜினுக்கு இது தனிக் கவலை, ஆக்டேன் இதைத் தீர்க்காது. பழையவி8, சீட்டை அரைத்தபோது கடினப்படுத்திய மேல்தோல் போயிற்றா, கடின சீட் வளையம் போட்டார்களா என்று பட்டறையில் கேளுங்கள்.

ஸ்பேனர்செட்

சரியான கேள்வி, நான் விட்டுவிட்டேன்.

இப்போது டைமிங்கைப் பார்ப்போம், பாதி வியாதி அங்கே இருக்கலாம். 12 + 24 = 36 இந்த இன்ஜினுக்கு வழக்கமான மொத்தம்தான். ஆனால் எந்தச் சுழற்சியில் 36 ஆகிறது? பலர் டிஸ்ட்ரிபியூட்டரில் மெல்லிய ஸ்பிரிங் போட்டு 2,000லேயே முழு அட்வான்ஸ் வரவைப்பார்கள். இலகுவான காரில் சுறுசுறுப்பாக இருக்கும். உங்கள் டிரக் மேடு ஏறுவதே 2,000ல் என்றால், மிக மோசமான நிலையில் முழு அட்வான்ஸ் நிற்கிறது. கொஞ்சம் கனமான ஸ்பிரிங் போட்டு 3,000 வாக்கில் முழுமையாகும்படி செய்யுங்கள். மொத்தத்தையும் 34க்கு இறக்கிப் பாருங்கள்.

வேக்குவம் அட்வான்ஸைக் கழற்றாதீர்கள். நாக் வந்தால் முதல் வேலையாக அதைப் பிடுங்கிப்போடுவது ஒரு வழக்கம். முழு லோடில் மேனிஃபோல்டில் (கலவை உள்ளே போகும் குழாயில்) வேக்குவம் இருக்காது, அதனால் அது தானாகவே விலகிவிடும். சமதளத்தில் காலி வண்டிக்கு மைலேஜும் குளிர்ச்சியும் கொடுப்பது அதுதான். சந்தேகமிருந்தால் குழாயில் ஒரு வேக்குவம் கேஜ் மாட்டி, மேடு ஏறும்போது பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை லோடில் மிச்சமிருக்கும் வேக்குவத்தில் அது அதிகமாக இழுத்தால், குறைவாக இழுக்கும் வேக்குவம் டப்பா போட்டால் போதும்.

கார்புரேட்டரில் லோடு வந்ததும் பெட்ரோலைக் கூட்டும் பவர் சர்க்யூட் நேரத்துக்குத் திறக்கிறதா? தாமதமானால் மேட்டில் கலவை வற்றும், வற்றிய கலவை சூடேறும், எந்த ஆக்டேனும் காப்பாற்றாது. முழு லோடில் காற்று 12.5 பங்குக்குப் பெட்ரோல் ஒரு பங்கு என்ற அளவு நல்லது. இந்தக் கலவை அளவைக் காட்டும் வைடுபேண்ட் மீட்டர் வைத்திருக்கும் நண்பர் கிடைத்தால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஏர் கிளீனர் பானட்டுக்குள் இருக்கும் கொதிகாற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று வரும்படி குழாய் போடுங்கள். தெர்மோஸ்டாட் 91 டிகிரி என்றால் 82 போடலாம்.

புதுஇன்ஜின்

எத்தனால்? 85 சதவீத எத்தனாலில் ரேஸ் வண்டிகளே ஓடுகின்றனவே.

நீலச்சுடர்

நாக்கை அடக்குவதில் அதற்கு இணை கஷ்டம்தான். சுத்த எத்தனாலின் ஆர்ஓஎன் 108க்கு மேல், ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகச் சூட்டை உறிஞ்சும். ஆனால் அதன் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளைகளான ஜெட்டுகளை எல்லாம் பெரிதாக்க வேண்டும், பழைய ரப்பர் குழாய்கள் தாங்காது, டேங்க் சீக்கிரம் காலியாகும். கூடவே, அது கிடைக்காத ஊரில் சாதா பெட்ரோல் ஊற்றி ஓட்ட முடியாத வண்டியாகிவிடும். வேலைக்கு உள்ள டிரக்கை அப்படி ஒரே பங்க்குக்கு அடிமையாக்க வேண்டாம். 10 சதவீதக் கலவை பிரச்சினையில்லை, கலவை கொஞ்சம் வற்றும், அவ்வளவே.

பழையவி8

தகவல். பட்டறையில் கேட்டேன், எக்ஸாஸ்டுக்குக் கடின சீட் வளையம் போட்டிருக்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தால் அண்ணன் சொன்னது போலவே மெல்லிய ஸ்பிரிங். முழு அட்வான்ஸ் 1,900லேயே வந்துகொண்டிருந்தது. மாற்றியாயிற்று, இப்போது 3,000ல் 34.

95 ஊற்றி டிரெய்லரோடு அதே மேட்டில் ஏறினேன். மூன்றாவது கியரில் சத்தமில்லை. வேண்டுமென்றே நாலாவதில் திணறவிட்டால் லேசாக வருகிறது. 98ல் அதுவும் இல்லை. பேசாமல் 95லேயே இருந்துவிடலாமா?

ஸ்பேனர்செட்

காலி வண்டிக்கு இருங்கள். டிரெய்லர் மாட்டினால் 98, அதில் பேரம் வேண்டாம். இரண்டு காரணம். இன்ஜின் இப்போது புதுசு, சேம்பர் சுத்தம். ஓட ஓடக் கார்பன் படியும், இடம் சுருங்கிக் கம்ப்ரஷன் ஏறும், சூடும் தங்கும். இன்று போதும் என்ற ஆக்டேன் அன்று போதாது. கூடவே வால்வு கைடு வழியாக ஆயில் கசிந்து உள்ளே போனால் அதுவே பெட்ரோலின் ஆக்டேனைக் கீழே இழுக்கும். இரண்டாவது, உங்கள் காதுக்குக் கேட்காத நாக்கும் உண்டு. எக்ஸாஸ்ட், டயர், காற்றுச் சத்தத்தில் அமுங்கிவிடும். நாலு அங்குல போரில் நாக் ஒலி 5,000, 6,000 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். செம்புக் குழாயின் ஒரு முனையைத் தட்டையாக்கி பிளாக்கில் போல்ட் போட்டு, மறுமுனையிலிருந்து ரப்பர் குழாயை கேபினுக்குள் கொண்டுவந்து காது மஃப்பில் செருகினால் தெளிவாகக் கேட்கலாம். பக்கத்தில் இருப்பவர் காதில் மாட்டுங்கள், ஓட்டுபவர் காதில் வேண்டாம்.

கியர்லீவர்

டேங்க்கில் பாதி 95 இருக்கும்போது திடீரென்று டிரெய்லர் வேலை வந்தால்?

நீலச்சுடர்

மேலே 98 நிரப்புங்கள். கலவை கிட்டத்தட்டச் சராசரிக் கணக்குத்தான், பாதிக்குப் பாதி என்றால் 96.5. கால் டேங்க் 95ம் முக்கால் 98ம் என்றால் 97க்கு மேல். முதல் கொஞ்ச தூரம் குழாயிலும் கார்புரேட்டரிலும் பழைய பெட்ரோல் இருக்கும், பங்க்கிலிருந்து கிளம்பியதும் மேட்டில் அழுத்தாதீர்கள். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும், அதை நம்பி லோடு ஏற்ற வேண்டாம்.

ஸ்பேனர்செட்

கொஞ்சம் ஓடிய பிறகு, டிரெய்லர் வேலை முடிந்த கையோடு பிளக்குகளைக் கழற்றிப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் பீங்கானைப் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரிக் கரும்புள்ளியோ பளபளக்கும் அலுமினியத் துகளோ இருந்தால் நாக் இன்னும் இருக்கிறது. உடனே டைமிங்கை இன்னும் இரண்டு டிகிரி குறையுங்கள். எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்துவையுங்கள். இந்த ஹெட்டில் நடு இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் நடுச் சிலிண்டர்களில்தான் முதலில் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடிக்கும் போல்ட்டையும் இறுக்கிவிட்டீர்கள்தானே?

பழையவி8

இறுக்கியாயிற்று அண்ணே. பிளக் படம் எடுத்ததும் போடுகிறேன்.